கால் பிரேக்கைத் தொடுவதற்கு முன்: தொப்பூர் இறங்கும் லாரி ஓட்டுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் லோடோடு இறங்கும் ஓட்டுநர் அண்ணன்களுக்கும் தம்பிகளுக்கும்,

நான் நல்லம்பள்ளிப் பக்கத்தில் குடியிருப்பவன். பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். விசிலும் ஸ்டாப் வாட்ச்சும்தான் என் தொழில் சாமான்கள். லாரியின் ஸ்டியரிங்கைப் பிடித்தவன் இல்லை. வண்டி ஓட்டுவது எப்படி என்று உங்களுக்குச் சொல்லித்தர எனக்கு யோக்கியதையும் இல்லை. ஒரு மனித உடம்பு ஒன்றைப் பார்த்து, புரிந்துகொண்டு, கையையோ காலையோ அசைக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது, பயிற்சியால் அது எவ்வளவு குறையும், எதனால் அது கெடும் என்பது மட்டும் எனக்குக் கொஞ்சம் தெரியும். தொப்பூர் கணவாயில் அந்த நேரத்துக்கு என்ன விலை என்பது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் இந்த மடல்.

2020 டிசம்பர் 12-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். சிமெண்ட் ஏற்றி வந்த லாரி, முன்னால் தேங்கி நின்ற வண்டிகள்மேல் மோதியது. ஒரு டஜன் வாகனங்களுக்குமேல் நொறுங்கின. நான்கு பேர் போனார்கள். 2024 ஜனவரி 24 அன்று இரட்டைப் பாலத்தில் மறுபடி அதே கதை: ஒரு லாரி பாலத்திலிருந்து கீழே விழுந்தது, கார் தீப்பிடித்தது, இன்னும் நான்கு பேர் போனார்கள். இவை செய்தியில் பெரிதாக வந்தவை. ஒற்றை ஒற்றையாகக் கவிழ்ந்த வண்டிகளை யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்? பாளையம் சுங்கச்சாவடிப் பக்கம் டீக்கடை வைத்திருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் இரண்டு கட்சி பிரிகிறது. சாலை சரியில்லை என்பது ஒரு கட்சி; டிரைவர் சரியில்லை என்பது மற்றது. சாலை சரியில்லை என்பது உண்மைதான். இறக்கமும் வளைவும் ஒன்றாக வரும் இடத்தில் நாலுவழிச் சாலையின் வேகத்தைக் கொண்டுவந்து கொட்டினால் இப்படித்தான் ஆகும். இங்கே உயர்மட்டச் சாலை கட்ட ஒப்புதல் வந்ததும் அதனால்தான். ஆனால் எந்தச் சாலை வந்தாலும் அதில் ஓட்டப்போவது இதே உடம்பு. அந்த உடம்பைப் பற்றி இரண்டு கட்சியும் பேசுவதில்லை.

உங்களில் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்: "இருபது வருசமா இறக்கறேன் சார், பிரேக் நம்ம காலுலயே இருக்கு." அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் அளந்து பார்க்கலாம்.

ஓட்டப் பந்தயத்திலிருந்து தொடங்குகிறேன், அதுதான் எனக்கு வசதி. 2009-ல் பெர்லினில் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 வினாடியில் ஓடினாரே, அன்று துப்பாக்கிச் சத்தம் கேட்டு அவர் கால் பலகையை உதைக்க எடுத்துக்கொண்ட நேரம் 0.146 வினாடி. 0.1 வினாடிக்குள் ஒருவர் கிளம்பிவிட்டால், அவர் சத்தத்தைக் கேட்டுக் கிளம்பவில்லை, ஊகித்துக் கிளம்பினார் என்று வெளியேற்றிவிடுவார்கள். 2022 உலகப் போட்டியில் டெவன் ஆலன் என்ற அமெரிக்கர் 110 மீட்டர் தடை ஓட்ட இறுதிச் சுற்றில் 0.099 வினாடியில் கிளம்பி, ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிக்காக வெளியே போனார். உலகத்தின் மிகக் கூர்மையான உடம்புகளுக்கே எல்லை அங்கேதான் இருக்கிறது. நம்மைப் போன்ற ஆட்களுக்கு, விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்து என்றால், ஐந்தில் ஒரு வினாடியிலிருந்து கால் வினாடி ஆகும். சத்தத்துக்கு அதைவிடக் கொஞ்சம் சீக்கிரம்.

ஆனால் போல்ட் துப்பாக்கிக்காகக் காத்திருந்தார். வருவது ஒரே சத்தம், செய்ய வேண்டியது ஒரே வேலை. உங்களுக்கு அப்படியா? முன்னால் போகும் டிரெய்லரின் பிரேக் லைட் எரிகிறது. அவர் லேசாகத் தொட்டாரா, முழுசாக அழுத்தினாரா? இடதுபக்கம் பைக் இருக்கிறதா? வலதுபக்கம் ஆம்னி பஸ் ஏறி வருகிறதா? அழுத்தினால் லோடு முன்னால் தள்ளுமா? இத்தனைக்கும் நடுவில் ஒரு முடிவு. 1868-லேயே டோண்டர்ஸ் என்ற நெதர்லாந்து மருத்துவர் இதை அளந்து காட்டினார்: ஒரே சைகைக்கு ஒரே பதில் என்றால் ஒரு நேரம், பல சைகைகளில் எது என்று பார்த்துத் தேர்ந்து பதில் சொல்ல வேண்டுமென்றால் கூடுதல் நேரம். அந்தக் கூடுதல்தான் மூளை முடிவெடுக்கும் நேரம். காலில் எவ்வளவு சுறுசுறுப்பு இருந்தாலும் இந்த நேரத்தைத் தாண்டித்தான் கால் அசையும்.

சாலையில் அளந்தவர்களின் கணக்கு இப்படி வருகிறது. பிரேக் பிடிக்க வேண்டியிருக்கும் என்று எதிர்பார்த்துக்கொண்டே ஓட்டுபவருக்கு முக்கால் வினாடி. சாதாரணமாக ஓட்டும்போது முன் வண்டியின் பிரேக் லைட்டைப் பார்த்தால் ஒன்றேகால் வினாடி. எதிர்பாராமல் குறுக்கே ஒன்று வந்து நின்றால் ஒன்றரை. நம் நாட்டுச் சாலைகளை வடிவமைக்கும் பொறியாளர்கள் இன்னும் தாராளமாக, ஓட்டுநருக்கு இரண்டரை வினாடி என்று வைத்துக்கொண்டுதான் எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று கணக்குப் போடுகிறார்கள். "பிரேக் காலுலயே இருக்கு" என்று அவர்கள் நம்பவில்லை.

இப்போது உங்கள் வண்டி. ஏர் பிரேக். பெடலை மிதித்ததும் காற்று குழாய் வழியாக ஓடி, கடைசிச் சக்கரம்வரை போய்ப் பிடிக்க அரை வினாடி வரை ஆகும். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 16.7 மீட்டர். உங்களுக்கு ஒன்றரை வினாடி, வண்டிக்கு அரை வினாடி, ஆக இரண்டு வினாடி: 33 மீட்டர் ஓடிய பிறகுதான் லைனர் டிரம்மைத் தொடுகிறது. அதுவரை பிரேக் என்ற ஒன்றே உங்கள் வண்டியில் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 30-ல் போயிருந்தால் அதே இரண்டு வினாடிக்கு 17 மீட்டருக்கும் குறைவு. அதற்குப் பிறகு வண்டி நிற்க எடுக்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்; 30-க்கும் 60-க்கும் வித்தியாசம் இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. சமதரையில் இது. இறக்கத்தில் இன்னும் மோசம்.

இந்த இடத்தில் உடற்பயிற்சி என்ன செய்யும்? ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர் எழுதுகிறான், தினமும் ஓடினால் எல்லாம் சரியாகிவிடும் என்பான் என்று நினைத்திருப்பீர்கள். அப்படிச் சொன்னால் பொய்.

உடற்பயிற்சிக்கும் எதிர்வினை நேரத்துக்கும் உறவு இருக்கிறது என்பது பழைய செய்தி. 1975-ல் ஸ்பிர்டூசோ என்ற அமெரிக்கப் பேராசிரியை நான்கு வகை ஆண்களை ஒப்பிட்டார்: விளையாடும் இளைஞர்கள், விளையாடாத இளைஞர்கள், விளையாடும் வயதானவர்கள், விளையாடாத வயதானவர்கள். கடைசி வகையினர்தான் வெகுவாகப் பின்தங்கினார்கள். பல வருடமாக மட்டையும் பந்துமாக இருந்த வயதானவர்கள், உட்கார்ந்தே காலம் தள்ளிய இளைஞர்களுக்குச் சமமாக வந்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு: விளையாடியதால் வேகம் நின்றதா, இயல்பிலேயே வேகமானவர்கள்தான் வயதாகியும் விளையாட்டை விடாமல் இருந்தார்களா? மைதானத்தில் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் வரும்.

அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க ஆட்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் பயிற்சி கொடுத்துப் பார்க்க வேண்டும். 1999-ல் கிரேமரும் கூட்டாளிகளும் அதைச் செய்தார்கள். 60 முதல் 75 வயதுவரை, உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத 124 பேர். ஒரு பகுதியினருக்கு ஆறு மாதம் வேக நடை. மற்றவர்களுக்குக் கைகால் நீட்டி மடக்கும் பயிற்சி. முன்னும் பின்னும் சோதனைகள். அவற்றில் ஒன்றை மட்டும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். சைகை வந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும்; ஆனால் சில தடவை அழுத்தப் போகும் நேரத்தில் "நிறுத்து" என்று இன்னொரு சைகை வரும், உடனே விரலைத் தடுத்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதம் நடந்தவர்களுக்கு வெறுமனே பொத்தானை அழுத்தும் வேகம் பெரிதாகக் கூடவில்லை. கூடியது எது தெரியுமா? கிளம்பிவிட்ட செயலை நிறுத்தும் வேகம். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் திறனும், கவனத்தைக் கலைப்பதைக் கண்டுகொள்ளாமல் விடும் திறனும் கூடவே முன்னேறின.

ஓவர்டேக் எடுக்க வலதுபக்கம் பாதி ஏறிவிட்ட வண்டியைத் திரும்ப இழுத்துக்கொள்வது இந்த வகை. ஆக்சிலேட்டரை மிதிக்கப்போன காலை நடுவழியில் பிரேக்குக்கு மாற்றுவது இந்த வகை. செல்போன் அலறும்போது கண்ணைச் சாலையிலேயே வைத்திருப்பதும் இதுதான். உடற்பயிற்சி உங்கள் காலை வேகமாக்குவதைவிட, காலுக்கு மேலே உட்கார்ந்து உத்தரவு போடுகிறவனைத் திருத்துகிறது. அந்த அறுபது வயதுக்காரர்களுக்குக் கிடைத்தது நாற்பது வயது ஓட்டுநருக்கு அதே அளவில் கிடைக்கும் என்று நான் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் நாளெல்லாம் உட்கார்ந்தே இருக்கும் உடம்பு என்ற வகையில் உங்களுக்கும் அவர்களுக்கும் பெரிய தூரம் இல்லை.

சரி, தாராளமாகவே கணக்குப் போடுவோம். உடற்பயிற்சியால் உங்களுக்குப் பத்தில் ஒரு வினாடி மிச்சமாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவே பெரிய லாபம். 60 கிலோமீட்டர் வேகத்தில் அது ஒன்றேமுக்கால் மீட்டருக்கும் குறைவு. கார் நசுங்குவதற்கும் பம்பரில் கீறல் விழுவதற்கும் உள்ள தூரம் அதுவாக இருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதே இறக்கத்தில் 60-ஐ 30 ஆக்கினால், லைனர் டிரம்மைத் தொடும் முன்பே 16 மீட்டருக்குமேல் மிச்சம். பத்து வருடம் ஓடினாலும் மைதானம் தராத தூரத்தை, இறக்கம் தொடங்கும் முன் கியரைக் குறைத்தால் அந்த நிமிடமே எடுத்துக்கொள்ளலாம்.

நியூட்ரலில் விடுபவர்களுக்கு இதில் ஒரு வார்த்தை. டீசல் மிச்சம் என்ற கணக்கு பழைய கணக்கு. இப்போதைய வண்டிகளில் கியரில் போட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் ஊற்றுவதையே எஞ்சின் நிறுத்திக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால்தான் அது ஐடிலில் ஓடக் கொஞ்சம் குடிக்கும். இன்னொரு கணக்கும் இருக்கிறது. 25 டன் வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிவரும் ஆற்றல், அரை லிட்டருக்குமேல் டீசலை எரித்தால் வரும் சூட்டுக்குச் சமம். எஞ்சின் அதில் பங்கு வாங்கிக்கொள்ளாவிட்டால் அத்தனையும் டிரம்முக்குத்தான் போகும். டிரம் பழுத்த பிறகு உசைன் போல்ட்டே வந்து மிதித்தாலும் வண்டி நிற்காது.

இனி உங்கள் அனுபவத்துக்கு வருகிறேன். அதைக் குறைத்துப் பேசினால் எனக்குத்தான் அவமானம். 1987-ல் மெக்லியாட் என்ற ஆராய்ச்சியாளர் உயர்தரக் கிரிக்கெட் பேட்ஸ்மேன்களை, பந்து தரையில் பட்டதும் எதிர்பாராமல் திரும்பும்படி செய்து ஆடவைத்தார். பந்து திரும்பிய பிறகு மட்டையைத் திருத்திக்கொள்ள அவர்களுக்கும் ஐந்தில் ஒரு வினாடி வேண்டியிருந்தது, மற்றவர்களைவிட வேகமில்லை. அப்படியானால் பந்துவீச்சாளர் சின்னப்பம்பட்டி நடராஜன் மணிக்கு 140 கிலோமீட்டரில் போடும் பந்து அரை வினாடிக்குள் வந்து சேர்கிறதே, அதை எப்படி அடிக்கிறார்கள்? பந்து கையை விடும் முன்பே தோளையும் மணிக்கட்டையும் படித்துவிடுகிறார்கள். கபடியில் நல்ல பிடிப்பாளன் பாடி வருபவனின் கையைப் பார்க்க மாட்டான். காலைப் பார்த்து அவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வான். உங்களில் கைதேர்ந்தவர்களும் அப்படித்தான். மூன்று வண்டிக்கு முன்னால் எரியும் சிவப்பைப் பார்க்கிறீர்கள். முன்னே போகும் லோடு ஒரு பக்கம் சாய்வதைப் பார்க்கிறீர்கள். லைனர் கருகும் வாடை வந்ததும் யாருடைய வண்டி என்று தேடுகிறீர்கள். ஒன்றரை வினாடி வேலையை முக்கால் வினாடியில் முடிக்கவைப்பது உங்கள் கால் வேகமில்லை, இந்த முன்னறிவு.

அந்த முன்னறிவைத் தூக்கமின்மை திருடுகிறது. கால் அசையும்; கண் திறந்திருக்கும்; மூன்று வண்டிக்கு முன்னால் பார்த்த கண் முன் வண்டியின் பின்பலகையோடு நின்றுவிடும்.

இதற்கும் அளவு இருக்கிறது. 1997-ல் ஆஸ்திரேலியாவில் டாசனும் ரீடும் பார்த்தார்கள்: தொடர்ந்து 17 மணிநேரம் விழித்திருந்தவர்களின் செயல்பாடு, 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் ஏறியவர்களின் நிலைக்குத் தாழ்ந்தது. நம் சட்டத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே குற்றம். அதாவது, அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து, பெங்களூரில் லோடு ஏற்றிவிட்டு, இரவு பத்து மணிக்கு மேல் தொப்பூர் இறங்குபவர் ஒரு சொட்டுக் குடிக்காமலே சட்டம் அனுமதிக்கும் அளவைத் தாண்டியவரைப்போல ஓட்டிக்கொண்டிருக்கலாம். குழாயை ஊதச் சொன்னால் பூஜ்யம் காட்டும். நள்ளிரவில் போலீஸ்காரர்கள் வண்டியை நிறுத்தி முகம் கழுவச் சொல்லி டீ கொடுத்து அனுப்புவது நல்ல காரியம்தான். ஆனால் தண்ணீர் முகத்தைக் கழுவும், பதினேழு மணிநேரத்தைக் கழுவாது. மூன்று வினாடி கண் அசந்தால் 60-ல் 50 மீட்டர்.

இன்னொரு ஆய்வு இன்னும் பயமுறுத்துவது. 2003-ல் வந்தது. இரண்டு வாரம் தினமும் ஆறு மணிநேரம் மட்டுமே தூங்கியவர்கள், ஓர் இரவும் அதற்கு மேலும் தூங்காமல் கிடந்தவர்கள் அளவுக்குத் தளர்ந்தார்கள். ஆனால் அவர்களைக் கேட்டபோது, பெரிதாக ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். "பழகிப்போச்சு சார்" என்று நீங்கள் சொல்வீர்களே, அது. பழகியது சோர்வு இல்லை. சோர்வை உணர்வதுதான் மரத்துப்போயிருக்கிறது.

உடற்பயிற்சி உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது இங்கேதான். காலில் பத்தில் ஒரு வினாடியைச் சேர்ப்பதற்காக அல்ல. தூக்கமின்மை, சர்க்கரை, தொப்பை மூன்றும் சேர்ந்து ஒரு முழு வினாடியைத் தின்றுவிடாமல் காப்பதற்காக. கழுத்து தடித்து, வயிறு முன்தள்ளி, குறட்டை அடுத்த வண்டிக்குக் கேட்கிறது என்றால், இரவெல்லாம் மூச்சு அடைத்து அடைத்து விடுபடுகிறது என்று சந்தேகப்பட வேண்டும். அப்படிப்பட்டவர் எட்டு மணிநேரம் படுத்தாலும் தூங்கியவர் இல்லை. பகலில் ஸ்டியரிங்கில் தலை சாயும். சர்க்கரை முற்றினால் பாதத்தில் உணர்ச்சி குறையும். செருப்பு கழன்றது தெரியாமல் நடப்பவரைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பாதம்தான் பெடல் எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்தியிருக்கிறது என்று மூளைக்குச் சொல்ல வேண்டியது. லைசென்ஸ் புதுப்பிக்கும்போது டாக்டர் கண், காது, கைகால் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். குறட்டையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நீங்களாகத்தான் சொல்ல வேண்டும். சொன்னால் லைசென்ஸ் போய்விடுமோ என்ற பயம் எனக்கும் புரிகிறது. ஆனால் சர்க்கரையும் பிரஷரும் பார்த்துக்கொள்ள ஆரம்ப சுகாதார நிலையம் போதும். லைசென்ஸை அங்கே யாரும் கேட்க மாட்டார்கள்.

"தார்ப்பாய் கட்டறோம், கயிறு இழுக்கறோம், இது உடற்பயிற்சி இல்லையா?" என்று ஒரு தம்பி கேட்டார். கயிறு இழுப்பது தோளுக்கு வேலை, சரி. ஆனால் கால் மணிநேரம் கயிறு இழுத்துவிட்டுப் பன்னிரண்டு மணிநேரம் ஆடும் சீட்டில் உட்கார்ந்தால் இருதயத்துக்கு வேலை எங்கே? உடம்பு அலுத்துப்போவதும் உடம்புக்குப் பயிற்சி கிடைப்பதும் வேறு வேறு.

ஜிம்முக்குப் போகச் சொல்லவில்லை. வாரத்துக்கு 150 நிமிடம் மூச்சு கொஞ்சம் வாங்கும்படி நடந்தால் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். லோடு ஏற்றக் காத்திருக்கும் மண்டியில், பில்லுக்காக நிற்கும் கம்பெனி வாசலில் உங்களுக்கு இருக்கும் நேரத்தைப்போல் வேறு எந்தத் தொழிலாளிக்கும் இல்லை. அதை கேபினில் படுத்து ரீல்ஸ் பார்த்தே கழிக்கிறீர்கள். வண்டியைப் பார்வையில் வைத்துக்கொண்டு யார்டைச் சுற்றி அரை மணிநேரம் வேகமாக நடங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். பிறகு பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம், முடிந்த அளவு. கிளட்ச்சையும் பிரேக்கையும் மிதிக்கும் தொடைக்கு அது. அங்கேயே நின்று குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். நெடுநேரம் தொங்கிய காலில் தேங்கிய ரத்தம் மேலேறும். கழுத்தை இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்புங்கள். கழுத்து இறுகிய ஆள் கண்ணாடியைப் பார்க்கச் சோம்பல்படுவார், பார்த்தேன் என்று தன்னையே ஏமாற்றிக்கொள்வார். ஓட்டத்துக்கு நடுவில் நிறுத்தும்போது ஐந்து பத்து நிமிடம் நடந்தால் கொஞ்ச நேரத்துக்கு மூளை தெளியும். ஆனால் வண்டி எடுக்கப்போகும் முன் மூச்சு முட்ட முட்ட எதையும் செய்யாதீர்கள். களைத்த உடம்பு தாமதமாகத்தான் பதில் சொல்லும். தூக்கத்துக்கு மாற்றாகவும் இதில் எதையும் வைக்காதீர்கள். தூக்கம் வந்தால் தூங்க வேண்டும். டீ குடித்த கையோடு இருபது நிமிடம் கண்ணை மூடுங்கள். டீ வேலை செய்ய அரை மணிநேரம் ஆகும், எழும்போது இரண்டும் சேர்ந்து உதவும்.

உங்களை நீங்களே அளந்து பார்க்க ஆசை இருந்தால், பிள்ளையின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து 30 சென்டிமீட்டர் ஸ்கேல் ஒன்றை வாங்கி கேபினில் போட்டுவையுங்கள். கிளீனரோ பக்கத்து வண்டி டிரைவரோ ஸ்கேலின் மேல்நுனியைப் பிடித்துத் தொங்கவிடட்டும். கீழே பூஜ்யம் இருக்கும் இடத்தில், தொடாமல், உங்கள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இரண்டு பக்கமும் வைத்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் அவர் விட வேண்டும். நீங்கள் பிடிக்க வேண்டும். 15-ல் பிடித்தால் 0.175 வினாடி. 20-ல் பிடித்தால் 0.2. 25-ல் 0.226. முழு ஸ்கேலும் நழுவிப்போனால் கால் வினாடிக்குமேல். முதல் தடவையை விட்டுவிட்டு அடுத்த ஐந்தின் சராசரியை எடுங்கள். நன்றாகத் தூங்கி எழுந்த காலையில் ஒருமுறை, ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டு இறங்கும்போது ஒருமுறை. மைதானத்தில் பிள்ளைகளிடம் இதைச் செய்யும்போது சிரிப்பும் கூச்சலுமாக இருக்கும். டீக்கடையில் பெரியவர்கள் செய்யும்போது, இரண்டாவது முறை ஸ்கேல் கீழே விழுந்ததும், பேச்சு நின்றுவிடும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ஸ்கேலை நன்றாகப் பிடித்துவிட்டேன், இனி கவலையில்லை என்று தூக்கத்தோடு கிளம்பிவிடாதீர்கள். அரை நிமிட விளையாட்டுக்கு யாரும் விழித்துக்கொள்ளலாம். இரண்டு மணிநேரம் ஒரே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்த பிறகு வரும் ஒரு வினாடிதான் தேர்வு. ஸ்கேல் தோற்றால் நிறுத்துங்கள். ஜெயித்தால் அதற்காக ஓட்டாதீர்கள்.

இந்த மடல் முதலாளிகளின் கண்ணிலும் படும் என்று நினைக்கிறேன். ட்ரிப்புக்கு இவ்வளவு பேட்டா, இத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்று கட்டிவிட்டு, டிரைவர் உடம்பைப் பார்த்துக்கொள்ளவில்லை என்று பேசுவது நியாயமில்லை. நாளுக்கு எட்டு மணிநேர வேலை, ஐந்து மணிநேரத்துக்குமேல் தொடர்ந்து வேலை வாங்காமல் நடுவில் அரை மணிநேர ஓய்வு என்று 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் எழுதிவைத்தது. அதைப் படித்துக் காட்டினால் லாரித் தொழிலில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். இப்போது பல வண்டிகளில் கிளீனரும் இல்லை. பேச்சுத் துணைக்கே ஆளில்லை. டயருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று நோட்டுப் போடுகிறீர்கள். அதே நோட்டில் டிரைவர் கடைசியாக எத்தனை மணிநேரம் தூங்கினார் என்றும் ஒரு பத்தி போடுங்கள். டயரை மாற்றலாம்.

ஓட்டுநர்களே, உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். வாரத்தில் ஐந்து நாள் அரை மணிநேரம் நடங்கள். ஆறு மாதம் விடாமல் நடங்கள். சர்க்கரையும் பிரஷரும் பார்த்துக்கொள்ளுங்கள். குறட்டை இருந்தால் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு, முப்பதைத் தாண்டாமல் இறங்குங்கள். பின்னால் ஹாரன் அடிப்பவர் அடித்துக்கொள்ளட்டும். கண் செருகுகிறது என்றால் தொப்பூர் வரை இழுக்காதீர்கள். தருமபுரியிலேயே ஓரங்கட்டிப் படுத்துவிட்டு, விடிந்த பிறகு இறங்குங்கள். லோடு காலையிலும் இறங்கும்.

அன்புடன்,
நல்லம்பள்ளியிலிருந்து
ஓர் உடற்கல்வி ஆசிரியர் (ஓய்வு)